தாத்தா வீடு குரூப்: காலேஜ் பிளான் எதுவரைக்கும் வந்துருக்கு

பெரியப்பா: நேத்து காலேஜ்ல பழைய மாணவர் கூட்டம். அஞ்சு வருஷ பிளான்ல மூணு வருஷம் ஓடிட்டு, எது முடிஞ்சுது எது முடியலன்னு பச்சை மஞ்சள் சிவப்பு கலர் அடிச்சு ஸ்கிரீன்ல காமிச்சாங்க

சென்னை சித்தப்பா: பிடிஎஃப் இருந்தா போடுங்க அண்ணே

பெரியப்பா: தரலடே. போட்டோ எடுத்தேன், முன்னாடி உக்காந்திருந்த சர்ச் ஐயர் தலைதான் விழுந்துருக்கு

அக்கா: 😂 பச்சைல என்னென்ன இருந்துச்சு பெரியப்பா? ஸ்டாஃப் மீட்டிங்ல எங்களுக்கு காமிச்சதும் அதுவும் ஒண்ணுதானான்னு பாப்போம்

பெரியப்பா: லேடீஸ் ஹாஸ்டல் மாடி, ஜூபிலி ஆர்ச், லைப்ரரி. 2023 டிசம்பர் வெள்ளத்துல கீழ்த்தட்டு புக்கெல்லாம் ஊறிப்போச்சுல்லா, இப்ப லைப்ரரிய மாடிக்கு ஏத்திட்டு கீழ கம்ப்யூட்டர் லேப் போட்டுருக்காங்க

சென்னை சித்தப்பா: அடுத்த வெள்ளத்துக்கு கம்ப்யூட்டரா 🙈

பெரியப்பா: கேட்டா சிரிக்காங்க. மஞ்சள்ல நாக், அதான் காலேஜுக்கு கிரேடு போடுற அமைப்பு. போன தடவை பி பிளஸ் பிளஸ், ஏ வாங்கணும்னா 3.01 மார்க் வேணும், ஏ வந்தாதான் அட்டானமஸ் (பாடத்திட்டமும் பரீட்சையும் காலேஜே பாத்துக்கிறது) கேக்க முடியும்னு பிளான்ல பாதிய அது மேலதான் கட்டிருக்காங்க, ஆனா நாக்காரன் 2024லயே கிரேடை எடுத்துட்டு அக்ரெடிடட், இல்லேன்னா இல்லன்னு ரெண்டே முடிவுக்கு போறோம்னு சொல்லிட்டான், இவங்க ஸ்லைடுல இன்னும் ஏ தான் நிக்கி

நாசரேத் அத்தை: சிவப்பு என்னது

பெரியப்பா: எய்டட் போஸ்ட், கவர்மென்ட் சம்பளம் குடுக்குற இடங்க. நான் ரிடையர் ஆன இடமே இன்னும் காலி

அக்கா: அந்த வகுப்பெல்லாம் காலேஜே சம்பளம் குடுக்குற மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்தான் பெரியப்பா எடுக்காங்க. லெக்சரர் தகுதித் தேர்வு நெட்டும் பிஎச்டியும் முடிச்ச பிள்ள இருவதாயிரத்துக்கு கீழ வாங்குறா, எத்தன பேரு பிஎச்டி வச்சிருக்கணும்னு பிளான்ல போட்டுருக்கு ஆனா சம்பளத்த பத்தி ஒரு வரி கிடையாது, கவர்மென்ட் வேலை கிடைச்சா அவ நாளைக்கே போயிருவா அப்புறம் எண்ணிக்கை எங்க ஏறும்

நாசரேத் அத்தை: சம்பளம் கூட்டுனா பீஸும் கூடும்லா பிள்ள. காலேஜ நடத்துற சர்ச் நிர்வாகம், திருமண்டலத்துல கேக்க வேண்டியதுதான

சென்னை சித்தப்பா: திருமண்டல எலெக்‌ஷன் முடியட்டும்னு சொல்லுவாங்க

நான்: எங்க மேத்ஸ் கிளாஸ்ல 19 பேருதான். பிசிஏக்கு சீட் இல்லன்னு ஆள திருப்பி அனுப்புறாங்க

பெரியப்பா: அதான் பயமே. ஆள் குறைஞ்சா இருக்க எய்டட் போஸ்டையும் சர்ப்ளஸ்னு எடுத்துருவாங்க

நாசரேத் அத்தை: எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பொம்பளப் பிள்ளைக காலேஜ் வந்தா அவங்களுக்கும் இப்ப கவர்மென்ட்டோட புதுமைப்பெண் ஆயிரம் ரூவா மாசாமாசம் வருதுல்லா, ஆராதனை முடிஞ்சு அறிவிப்புல சொல்லச் சொல்லுங்க. எங்க சபையில பாதி பேருக்கு தெரியாது

சென்னை சித்தப்பா: நல்ல யோசனை. நான் பத்தாயிரம் தாரேன் அண்ணே, ஸ்டாஃப் சம்பளத்துக்குன்னு ரசீதுல எழுதித் தரணும். ஆர்ச்சுக்கு பெயிண்ட் அடிக்க இல்ல

பெரியப்பா: புதன்கிழமை கமிட்டி இருக்கு. சம்பளத்துக்குன்னு தனியா ஒரு பண்டு வைங்கன்னு எழுத்துலயே குடுத்துப் பாக்கேன்

அக்கா: என் பேர மட்டும் சொல்லிராதீங்க பெரியப்பா 🙏