64 படி, ஒரு லட்சம் ரூபாய்: வீட்டுப் பட்டறைக்கு எந்த மில்லிங் மிஷின்?

மேகமூட்டம் (குன்னூர்)
வணக்கம். விறகு அடுக்கியிருந்த பின்பக்க ஷெட்டைக் காலி செய்து மூன்று வருடமாக ஒரு சின்ன லேத் (கடைசல் மிஷின்) ஓட்டுகிறேன். சென்டருக்கு சென்டர் 300 மி.மீ. நீளம் வரை பிடிக்கும். இப்போது நம் மலை ரயில் எஞ்சினை 89 மி.மீ. பாதைக்குச் செய்ய ஆசை வந்துவிட்டது. அசல் பாதை ஒரு மீட்டர் என்பதால் ஏறக்குறைய 11-இல் ஒரு பங்கு. சிலிண்டர் முகம், ஆக்சில் பெட்டி, கனெக்டிங் ராடு, எல்லாவற்றுக்கும் மேல் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே ஓடுகிற பல் பட்டை. அரத்தால் ராவி மாளாது, சுற்றும் கட்டரால் இரும்பைச் சீவுகிற மில்லிங் மிஷின் வேண்டும்.

கையில் ஒரு லட்சம். மிஷின், துண்டை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், கட்டர் எல்லாம் அதற்குள். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட். ரோட்டிலிருந்து ஷெட்டுக்கு 64 படி இறங்க வேண்டும், வண்டி வராது. புதிதாக ஒரு குட்டி பெஞ்ச் மில் வாங்கவா, கோவையில் பழசு தேடவா?

பழைய டர்னர் (கோத்தகிரி)
பழசு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறையில் 11 வருடம், அப்புறம் இங்கே டீ ஃபேக்டரியில் பராமரிப்பு. டீ இலையை நசுக்குகிற சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டுவது மோட்டார் இல்லை, கனம். வார்ப்பிரும்பு கனமாக இருந்தால்தான் அதிர்வை விழுங்கும். 55 கிலோ மிஷினில் இரும்பை வைத்தால் கட்டர் வெட்டாது, கொத்தும். எச்.எம்.டி. மிஷினோ, பட்டாலா பக்கத்து டர்ரட் மில்லோ (பட்டறைகளில் நிற்கிற பெரிய மில்லிங் மிஷின்), தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கிற ஜிப் பட்டையை இறுக்கிப் பத்து வருடம் ஓட்டலாம். பொம்மை வாங்காதே தம்பி.

கேத்தி வேலைக்காரன்
ஐயா, 64 படி என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா? நீங்கள் சொல்கிற டர்ரட் மில் ஒரு டன் பக்கம். ஹெலிகாப்டரிலா இறக்குவார்?

என்னிடம் இருப்பது எக்ஸ்2 ரகம். பல கம்பெனிகள் பல நிறம் பூசி விற்கிற அதே சீனத்து அமைப்பு. டேபிள் நீளவாக்கில் 220 மி.மீ., குறுக்கே 100 மி.மீ. போகும். ஹெட் (கட்டர் சுற்றுகிற தலை), காலம் (அதைத் தாங்கும் தூண்), டேபிள், அடிபாகம் என்று நாலாகக் கழற்றி, நானும் என் மச்சினனும் ஒரு மதியத்தில் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டோம்.

இரும்பு வெட்டாது என்பது பாதி உண்மை. 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) எண்ட் மில் (நுனியாலும் பக்கத்தாலும் வெட்டுகிற கட்டர்), மைல்டு ஸ்டீல், நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று கணக்குப் போட்டால் 800 சுற்று. அந்த வேகத்தில் அரை மில்லி ஆழம் நிம்மதியாக எடுக்கிறேன். சத்தத்திலேயே தெரியும்: ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று வந்தால் சரி, 'கடகட' என்றால் ஆழம் அதிகம், அல்லது கட்டர் வெளியே நீண்டிருக்கிறது. கட்டர் நீட்டம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. பல பேர் மிஷினைத் திட்டுவதற்குக் காரணம் இந்த நீட்டம்தான்.

பழைய டர்னர்
அரை மில்லி! 10 மில்லி எடுக்க வேண்டிய இடத்தில் இருபது முறை போய் வருவீர்கள். அதற்குள் ரயில் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பிவிடும்.

அந்த ரகத்தில் காலத்தைப் பிடித்திருப்பது பின்னால் ஒரே ஒரு பெரிய நட்டு. சாய்த்து வெட்டலாம் என்று அதைப் பெருமையாக விற்கிறார்கள். வீட்டுப் பட்டறையில் யார் காலத்தைச் சாய்க்கிறார்கள்? வைஸைச் சாய்த்தால் போதாதா? அந்த ஒரு வசதிக்காக மிஷினின் இடுப்பையே ஒடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே கியர் வேறு பிளாஸ்டிக்.

கேத்தி வேலைக்காரன்
இடுப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நான் காலத்துக்குப் பின்னால் 12 மி.மீ. தகடு ஒன்றை வைத்து அடிபாகத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். நேராக்க, கோணலை முள் நகர்ந்து காட்டுகிற டயல் கேஜோடு ஒரு சாயங்காலம் போனது. அதன்பின் அசையவில்லை.

பிளாஸ்டிக் கியரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது ஃபியூஸ் மாதிரி. ஒருமுறை டேபிளைக் கட்டர் சுற்றும் திசையிலேயே தள்ளிவிட்டேன். ஸ்க்ரூவில் கால் மில்லி ஆட்டம் இருந்தது. கட்டர் ஜாப்பை (வெட்டுகிற துண்டை) கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது, 'டப்' என்று ஒரு சத்தம், கியரில் நாலு பல் காலி. தப்பு என்னுடையது. இரும்புக் கியராக இருந்தால் ஸ்பிண்டிலோ (கட்டரைச் சுற்றும் தண்டு) மோட்டாரோ போயிருக்கும். மேகமூட்டம் சார், இப்போது பெல்ட் டிரைவும் பிரஷ் இல்லாத மோட்டாரும் உள்ளதே வருகிறது. அதைப் பாருங்கள், இந்தச் சண்டையே தேவையில்லை.

இன்னொன்று. கட்டர் உட்காரும் ஸ்பிண்டில் கூம்பு ஆர்8 ரகமா, எம்.டி.3 ரகமா என்று கேட்டு வாங்குங்கள். எம்.டி.3 கூம்பு தானாகவே இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மேலே சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும், அந்த அடி பேரிங்கில் விழும். ஆர்8 லேசாகத் தட்டினாலே விட்டுவிடும்.

ஊட்டி கடிகாரம்
இரண்டு பேரும் சேர்ந்து அவர் பணத்தைச் செலவழிக்கிறீர்கள். லேத் இருக்கிறதே! குறுக்கு ஸ்லைடில் துண்டை மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு வெர்டிகல் ஸ்லைடு மாட்டினால் மில்லிங் ஆயிற்று. நான் கடிகாரம் பழுது பார்ப்பவள். என் லேத்தில் இத்தனை வருடம் அப்படித்தான் ஓடுகிறது.

அந்தப் பல் பட்டைக்கு விசேஷ கட்டர் தேடி அலையாதீர்கள். சக்கரத்தின் பல்லுக்குத்தான் வளைவு வேண்டும். பட்டையின் பல்லுக்கு இரு பக்கமும் நேர்கோடு. ஒரு எச்.எஸ்.எஸ். துண்டைக் கல்லில் சரிவாகத் தீட்டி ஃப்ளை கட்டராக (சுற்றுகிற ஒற்றைப் பல் கட்டர்) மாட்டினால் போதும். நம் மலையில் இருப்பது அப்ட் முறை, இரண்டு பட்டை பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக வெட்டிவிட்டு, பொருத்தும்போது அரைப் பல் தள்ளி வைத்துவிடுங்கள்.

எண்ட் மில்லை மட்டும் லேத்தின் மூன்று தாடை சக்கில் பிடிக்காதீர்கள். வெட்டும்போது மெல்ல மெல்ல வெளியே நழுவும், ஆழம் கூடிக்கொண்டே போகும். கட்டரைச் சுற்றி முழுக்க இறுக்குகிற கோலெட்டில்தான்.

மேகமூட்டம்
அக்கா, பல் பட்டை விஷயம் பெரிய உதவி. ஆனால் சிலிண்டர் வார்ப்பை என் லேத்தின் வெர்டிகல் ஸ்லைடில் பிடித்தால் நுனி நாக்கில் பாறாங்கல் வைத்த மாதிரி இருக்குமே?

ஊட்டி கடிகாரம்
இருக்கும். அதை மறுக்கவில்லை. கடிகார அளவில் எனக்கு அந்தக் கவலை வந்ததில்லை.

கல்லூரி 3ஆம் வருடம்
டிரில்லிங் மிஷினுக்கு அடியில் ஒரு எக்ஸ்-ஒய் டேபிள் வாங்கி வைத்தால்? செலவு பத்தில் ஒரு பங்குதானே?

பழைய டர்னர்
வேண்டாம் தம்பி. டிரில் மிஷின் பேரிங் மேலிருந்து கீழே அழுத்தத்தைத் தாங்கத்தான், பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. சக் வெறும் கூம்பில் உட்கார்ந்திருக்கும், அதிர்ந்தால் கட்டரோடு சேர்ந்து கீழே விழும். இந்த ஒன்றில் கேத்திக்காரரும் நானும் ஒரே கட்சி.

மேகமூட்டம்
ஒரு நண்பர் மூலம் கோவையில் ஒரு பழைய மிஷின் கடைக்காரர் போட்டோ அனுப்பியிருக்கிறார். உருண்டைக் காலம், மில்லிங்கும் துளையும் செய்கிற மில்-டிரில், 280 கிலோ, த்ரீ ஃபேஸ் மோட்டார். விலை என் கணக்குக்குள். டர்னர் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

பழைய டர்னர்
கரண்ட் ஒரு பிரச்சினையே இல்லை. சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்கி த்ரீ ஃபேஸ் வெளியே கொடுக்கிற டிரைவ் கிடைக்கிறது. சின்ன மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் கட்டியிருப்பார்கள். டிரைவிலிருந்து வருவது 230 தான். அதனால் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார். ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் 230-க்கு ஏற்ற டெல்டா இணைப்பாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றே முனை என்றால் உள்ளே பிரிக்க வேண்டும், ரீவைண்டிங் கடைக்குப் போ. வேகத்தையும் குமிழைத் திருகி மாற்றலாம், அது லாபம்.

ஆனால் உருண்டைக் காலம்... அதை வாங்கு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நீளமான டிரில்லை மாட்ட ஹெட்டை மேலே ஏற்றினால், காலத்தைச் சுற்றி ஹெட் திரும்பிவிடும். ஓட்டை எங்கே, கட்டர் எங்கே என்று மறுபடி சென்டர் தேட வேண்டும். கணபதியில் இதோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரே ஜாப்பில் நாலு முறை சென்டர் எடுத்த நாள் உண்டு. சதுரக் காலம் வந்தால் எடு.

கேத்தி வேலைக்காரன்
சதுரக் காலமாக இருந்தாலும் 280 கிலோ 280 கிலோதான், ஐயா.

வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிரம்பியது 30 கிலோ சொச்சம். அந்தப் பையன் அதைத் தோளில் வைத்து 64 படி இறங்குகிறான், அது மனிதனால் முடிகிற வேலை. என் மிஷின் இரண்டு சிலிண்டர் கனம், அதையும் நாலாகப் பிரிக்கலாம். உங்கள் மில்-டிரில் ஒன்பது சிலிண்டரை ஒன்றாக வெல்டு வைத்த மாதிரி. மழையில் பாசி பிடித்த படியில் யார் பிடிப்பார்கள்?

வைஸ், கிளாம்ப் செட், கோலெட், பாரலல் (துண்டுக்கு அடியில் வைக்கிற சமக் கட்டை), டயல் கேஜ், நாலைந்து எண்ட் மில்: இதற்கே பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். முதலில் நல்ல வைஸ். மலிவு வைஸில் இறுக்கும்போது அசையும் தாடை மேலே தூக்கும், அடியில் வைத்த பாரலல் ஆடும். அப்படி வெட்டினால் சதுரமே வராது.

ஐப்பசி வந்தால் ஷெட்டுக்குள்ளேயே மேகம் வந்து உட்காரும். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு ஏறும். எண்ணெய் தடவிப் பருத்தித் துணி போடுங்கள், அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். மரம் விழுந்து கரண்ட் போய் வருகிற நாட்களில் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வேகம் மாற்றுகிற போர்டு வோல்டேஜ் குதித்தால் தாங்காது.

மேகமூட்டம்
இன்று காலை கேஸ் வந்தது. பையனிடம் கேட்டேன், "இதைவிடப் பத்து மடங்கு கனம் ஒன்று இறக்க வேண்டும், வருவாயா?" என்று. சிரித்துவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆக, சின்னது. ஆர்8, பெல்ட் டிரைவ். பட்டையை அக்கா சொன்னபடி இரண்டையும் சேர்த்து வெட்டுகிறேன். சிலிண்டர் முகத்துக்கு அரை மில்லி அரை மில்லியாக உட்கார்ந்து எடுக்கிறேன், எனக்கு அவசரமில்லை. டர்னர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய டர்னர்
கோபம் என்ன. பொம்மைதான், அதில் மாற்றமில்லை. சிலிண்டரை வெட்டும்போது கூப்பிடு, எத்தனை முறை போய் வருகிறாய் என்று எண்ண ஆள் வேண்டும்.

மேகமூட்டம்
ஒரு சந்தேகம். பிரித்து இறக்க அந்தப் பின்பக்க நட்டைக் கழற்ற வேண்டுமே. என் ஸ்பேனர் செட் 24 வரைதான்.

பழைய டர்னர்
என்னிடம் பெரியது இருக்கிறது. மிஷின் வருகிற நாளைச் சொல், பஸ்ஸில் எடுத்து வருகிறேன். டயல் கேஜும் கொண்டு வருகிறேன், உன் ஹெட் எவ்வளவு கோணல் என்று பார்க்க வேண்டும்.