படங்கள் ஒட்டியதும் நினைவு நோட்டு மூடவில்லை, அட்டையும் வளைகிறது

கேள்வி:
அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக ஒரு நினைவு நோட்டு கையால் தைத்தேன். புதுச்சேரியில் வாங்கிய பருத்திக் கைக்காகிதம், 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 150 கிராம்). நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் ஒரு ஃபாரம். அப்படி 6 ஃபாரம், 48 இதழ். முதுகில் பசை கிடையாது, ஃபாரங்களை நூலால் மட்டும் ஒன்றோடொன்று கோக்கும் காப்டிக் தையல்தான். அட்டை மேல் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டை மைதாப் பசையால் ஒட்டினேன்.

தைத்த அன்று அழகாக மூடியது. 24 புகைப்படங்கள் ஒட்டிய பிறகு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முதுகுப் பக்கம் 16 மிமீ, திறக்கும் பக்கம் 23 மிமீ. அட்டைகளும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. இரண்டு நாள் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தும் பலன் இல்லை. விழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, உதவுங்கள்.

பதில் 1:
பாரம் ஏற்றி இது சரியாகாது. படங்களின் கனம் ஒரு பக்கம் ஏறிவிட்டது, முதுகில் ஏறவில்லை. உங்கள் காகிதம் ஏறக்குறைய 0.3 மிமீ இருக்கும். படம் இல்லாத இதழ்களில் 20-ஐ, முதுகை ஒட்டி 2 செமீ விட்டுவிட்டு வெட்டி எடுங்கள். திறக்கும் பக்கம் 6 மிமீ குறையும். அந்த 2 செமீ அடிக்கட்டை இருப்பதால், அதே தாளின் மறுபாதியான ஜோடி இதழ் கழன்று வராது.

கேட்டவர்:
நன்றி. ஆனால் அந்த வெற்று இதழ்களில்தான் அத்தை, சித்தப்பா எல்லாரும் வாழ்த்து எழுதப்போகிறார்கள். வெட்ட மனம் வரவில்லை.

பதில் 2:
அப்படியென்றால் பிரித்துத் தையுங்கள், தங்கச்சி. முதுகில் பசை இல்லாதது நல்லதாகப் போயிற்று. நூலை வெட்டினால் தாள்கள் சேதமில்லாமல் வந்துவிடும். அதே காகிதத்தில் 4 செமீ அகலப் பட்டைகள் 12 வெட்டி, நடுவில் மடித்து, ஃபாரத்துக்கு இரண்டாக உள்ளே செருகுங்கள். ஒரு பட்டை முதுகில் இரண்டு கனம், அதாவது 0.6 மிமீ. 12-க்கு 7.2 மிமீ. உங்களுக்குத் தேவையானதும் அதுதான். பழைய தாளையே மேலே வைத்து ஊசித் துளைகளைக் குத்தினால் வரிசை மாறாது. நூலுக்குத் தேன்மெழுகு தடவ மறக்காதீர்கள்.

அட்டை வளைவதற்குக் காரணம் வேறு. பசையில் நனைந்த துணி காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்பக்கமும் அதே பசையால் ஒரு காகிதம் ஒட்டுங்கள். இரண்டு இழுப்பும் சமமாகும். இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நன்றாகக் காயும்வரை எடுக்கவே கூடாது. பைண்டிங் கடைகளில் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதுண்டு. படங்கள் இருக்கும் நோட்டில் அது வேண்டாம்.

கேட்டவர்:
பிரித்துத் தைத்துவிட்டேன், அக்கா! முதுகும் 23, திறக்கும் பக்கமும் 23. முன் அட்டை நேராகிவிட்டது, பின் அட்டையில் மட்டும் லேசான வளைவு. அப்புறம் இன்னொன்று: மை பேனாவால் எழுதினால் மை பரவுகிறதே?

பதில் 2:
பின் அட்டையை இன்னும் நான்கு நாள் பலகையிலேயே விடுங்கள். மை பரவினால் காகிதத்தில் பசையூட்டு, அதாவது மையை உறிஞ்சாமல் தடுக்கும் பசை, குறைவு என்று அர்த்தம். மிஞ்சிய பட்டையில் பால்பாயிண்ட், ஜெல் இரண்டையும் எழுதிப் பாருங்கள். பரவாத பேனாவை நோட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால் எல்லாரும் அதிலேயே எழுதுவார்கள்.