தரம் 9 பிள்ளையளுக்கு இணையப் பாடம்: உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். கோண்டாவில் பக்கம் தரம் 9க்குப் படிப்பிக்கிறன். வாற செய்தியை எப்பிடிச் சோதிக்கிறது, இணையத்தில எப்பிடிப் பழகிறது எண்டு கொஞ்ச வகுப்பு எடுக்கப் போறன்.

மழை நேரம் ஒரு வெள்ளப் படம் பிள்ளையளின்ர வட்ஸ்அப்பில சுத்தினது. பாலம் உடைஞ்சிட்டுதாம் எண்டு ஒரு குரல் பதிவும் கூட. படத்துக்கு மேல ரெட்டை அம்புக்குறி. அது குறைஞ்சது ஐஞ்சு கையாவது மாறி வந்ததுக்கு அடையாளம் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. படத்தை வைச்சுத் தேடிற கூகுள் லென்ஸில போட்டால் வேற நாட்டுப் பழைய படம்! அதுக்குப் பிறகு பிள்ளையள் தாங்களே தேடத் தொடங்கிட்டினம். இப்பிடி எங்கட ஊரில சுத்தின பொய்ச் செய்தியள் வைச்சிருந்தால் அனுப்புங்கோ, ஆக்களின்ர பேர், நம்பரை மறைச்சு.

எனக்குக் கூடக் கவலை, பிள்ளையளின்ர படத்தை வைச்சு அவையை மிரட்டிற விசயம்தான். வீட்டில அடி விழும் எண்டு பிள்ளையள் வாய் திறக்காதுகள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929 இலக்கத்தைச் சொல்லிக் குடுப்பன். ஆனா தாய் தேப்பனோட இதைப் பக்குவமாக் கதைக்கத் தெரிஞ்ச உளவளத்துணையாளர் ஆரும் யாழ்ப்பாணத்தில இருந்தால் உள்பெட்டியில சொல்லுங்கோ. சனிக்கிழமை பின்னேரம் எண்டால் பெற்றோரைக் கூப்பிடலாம்.