ஒற்றைச் சிறுநீரகத்தோடு எங்கள் மணி

வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் நாய் மணிக்கு 11 வயது. சென்ற வருடம் சிறுநீரில் இரத்தம் கண்டோம். முதலில் காட்டிய கிளினிக்கில் கிருமித் தொற்று என்று ஒரு மாதம் மருந்து கொடுத்தார்கள். நிறுத்தினால் மறுபடி சிவப்பு. அதற்குள் விலா எலும்பை எண்ணலாம் என்ற அளவுக்கு இளைத்துவிட்டான். இன்னொரு வைத்தியர்தான் ஸ்கேன் செய்து, இடது சிறுநீரகத்தில் கட்டி என்றார்.

நுரையீரலுக்குத் தாவக்கூடிய புற்றுநோய் என்பதால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே. மற்றச் சிறுநீரகம் தனியாகத் தாங்குமா என்று இரத்தப் பரிசோதனை. இரண்டும் சாதகமாக வந்த பிறகே சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்தார்கள். கீமோவால் இதற்குப் பெரிய பலனில்லை என்பதை வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்.

நான் எழுத வந்தது பிரஷரைப் பற்றி; சிறுநீரகக் கோளாறு அதையும் ஏற்றிவிடுமாம். நாய்க்கும் பிரஷரா என்று அம்மா சிரித்தார். முன்காலில் உரோமத்தைக் கொஞ்சம் மழித்து, ஜெல் பூசி, பட்டி சுற்றி, உஸ் உஸ் என்ற நாடிச் சத்தத்தைக் கேட்டபடி அளந்தார்கள். முதல் அளவு 210; பயத்தில் ஏறியதென்று கணக்கில் சேர்க்கவில்லை. என் மடியில் பத்து நிமிடம் கிடந்த பிறகும் 185க்குக் கீழே இறங்கவில்லை. 160 தாண்டி நின்றாலே மருந்து தேவைப்படுமாம். அம்லோடிபின் எழுதினார், அம்மா குடிக்கும் அதே குளிசை, அளவு மட்டும் அவன் எடைக்கு. பாணில் பட்டர் பூசி ஒளித்தால் பாணைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்புகிறான். இப்போது அவித்த சூரை மீனுக்குள் வைக்கிறோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். ஒரு காலை நாய் கதவு நிலையில் முட்டியது. வயதாகிவிட்டது, கண்ணில் புரை என்று நினைத்தோம். டார்ச் அடித்தும் கண்மணி சுருங்கவில்லை. பிரஷர் ஏறி விழித்திரை கழன்றிருந்தது. அதன் பிறகுதான் சிறுநீரகம் பழுதானதே தெரிந்தது, கட்டி இல்லை. மருந்து தொடங்கியதும் ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை திரும்பியது. அன்றைக்கே போயிருக்க வேண்டும். நாங்கள் நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளவத்தையிலிருந்து:

தங்கச்சி, இதை வாசித்த கையோடு மணியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி சுருங்கியது. கோபித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம். எக்ஸ்ரே அடுத்த வாரம். பிரஷர் மட்டும் சித்திரை வருடப்பிறப்பு வெடிச் சத்தம் அடங்கிய பிறகு எடுக்கலாம் என்றிருக்கிறார் வைத்தியர்.