மூன்று சீல் கிட் போட்டும் ஆர்ம் சிலிண்டர் ஒழுகுகிறது

செம்மண்காரன்:
என்னுடையது 2009 மாடல் பேக்ஹோ, பின்னால் மண் தோண்டும் கை உள்ள வண்டி. சங்ககிரி பக்கம் தென்னங்குழி எடுப்பது, வரப்பு போடுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையை (ஆர்ம்) அசைக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில், நீண்டு மடங்கும் ராடு வழியாக ஆயில் வருகிறது. ஆனியிலிருந்து மூன்று தடவை சீல் கிட் (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையங்களின் செட்) மாற்றியாயிற்று. புதுசு போட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் காய்ந்து கிடக்கும். அப்புறம் ராடு மினுமினுக்கும், அப்புறம் சொட்டும். நேற்று தோப்புக்காரர், "வாசலெல்லாம் எண்ணெயில கோலம் போட்டுட்டுப் போறீங்களே" என்று கேட்டுவிட்டார்.

மெக்கானிக் "ஒரிஜினல் கிட் போடுங்க" என்கிறார். மூன்றாவதாகப் போட்டதே ஒரிஜினல்தான். ஊற்றுவது 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில். கழற்றிய சீலை வைத்திருக்கிறேன்: ஒரு பக்கம் புதுசு மாதிரி, எதிர்ப்பக்கம் ராடைத் தொடும் உதடு தேய்ந்து மழுங்கிவிட்டது. ஆர்ம் தானாக இறங்குவதும் உண்டு, அது ரொம்ப நாளாகவே.

பழைய ஸ்பானர்:
ராடை முழுக்க வெளியே விட்டு, எஞ்சினை நிறுத்தி, துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் ராடின் மேலுள்ள குரோம் பூச்சு போயிருக்கிறது. அந்த இடம் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் சீலை அரம் போல ராவும். மழையில் ராடை வெளியே விட்டு நிறுத்தும் வண்டிகளுக்கு இது சகஜம். ஒழுகும் இடத்தை மட்டும் வண்டி ஓடும்போது கையால் தடவிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

பட்டறை மாமா:
தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். சீல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் ராடு நடுவில் ஓடவில்லை. மட்டமான கிட் என்றால் சுற்றிலும் போயிருக்கும்.

மூன்றைப் பார்க்க வேண்டும். ராடு வளைந்திருக்கிறதா? லேத் பட்டறையில் வி-பிளாக் தாங்கியில் வைத்து உருட்டி டயல் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் சிலிண்டரை மாட்டும் பின்னும், அது உட்காரும் புஷ் வளையமும் தேய்ந்து சிலிண்டர் கோணலாக இழுக்கிறதா? மூன்றாவது, கிளாண்டுக்குள் (ராடு வெளியே வரும் சிலிண்டர் மூடி) இருக்கும் வியர் ரிங். ராடு இரும்பில் உரசாமல் நடுவில் தாங்குவது அதுதான், சீல் இல்லை. சிலர் "டைட்டா இருக்கு" என்று அதைப் போடாமலே மூடிவிடுவார்கள். என் பட்டறைக்கு அப்படி வந்த சிலிண்டர்கள் நிறைய.

இன்னொன்று. பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சீல் உட்காரும் காடியில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே ஒழுகும். பித்தளைக் குச்சி போதும். யூ வடிவ சீலின் வாய் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும், உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆர்ம் இறங்குவது தனிக் கதை. ராடை முழுக்க நீட்டி, பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டி பிரஷரை விடுங்கள். ராடு பக்க ஓஸைக் கழற்றி ஓஸை மட்டும் அடைத்துவிட்டு, சிலிண்டர் வாயைத் திறந்தே விட்டு, எஞ்சினை மறுபடி போட்டு ஸ்லோவில் அதே நீட்டும் பக்கம் லீவரைப் பிடியுங்கள். மறுபக்கம் தொடவே கூடாது. திறந்த வாயில் ஆயில் நிற்காமல் வந்தால், ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. வராவிட்டால் லீவர் இயக்கும் கண்ட்ரோல் வால்வைப் பாருங்கள்.

செம்மண்காரன்:
மாமா, வியர் ரிங் இல்லை! மூன்று கிட்டிலும் ரிங் இருந்தது, ஒன்றைக்கூடப் போடவில்லை. கவரோடு டூல் பெட்டியிலேயே கிடந்தது, நான்தான் எக்ஸ்ட்ரா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராடு நேராக இருக்கிறது, நகமும் மாட்டவில்லை. பின் நுழையும் கண் பக்கப் புஷ் முட்டை வடிவமாகிவிட்டது, அதையும் பின்னையும் மாற்றினேன். காற்றுப் போக ஸ்லோவில் ஏழெட்டுத் தடவை நீட்டி மடக்கிவிட்டு ஆயில் அளவு பார்த்தேன்.

இன்றோடு நாற்பது நாள். ராடில் லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும்தான்.

நீங்கள் சொன்ன மாதிரி சோதித்ததில் திறந்த வாயில் ஆயில் வரவில்லை, ஆக வால்வுதான். அதைத் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், இப்போது கை காலி.