அக்டோபர் வரிசையை வைத்து அணியை எடைபோடலாமா? டுலூத் ரசிகர்களின் நேரடி அனுபவங்கள்

டுலூத், லேக்சைடு பக்கம்

2025–26 சீசன் தொடங்கி மூன்றாவது வாரம்கூட முடியவில்லை, அதற்குள் பஞ்சாயத்து களைகட்டிவிட்டது. பயிற்சியாளர் இவரை ஏன் முதல் லைனில் (சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்டுகளில்) போட்டார், அவரை ஏன் சட்டை மாட்டவே விடவில்லை, இந்த கோல்கீப்பரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது... எங்கள் மினசோட்டா டுலூத் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணி புல்டாக்ஸ் 2022–23 முதல் 2024–25 வரை மூன்று சீசனிலும் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அதனால் எல்லாருக்கும் வாய் கொஞ்சம் நீண்டிருக்கிறது. கருத்து வேண்டாம், போதுமான அளவு இருக்கிறது. சீசன் ஆரம்பத்தில் அரங்கில் உட்கார்ந்து ஒரு வரிசையை, அதாவது யார் யாரோடு இறங்குகிறார் என்பதை, பார்த்து என்ன கண்டுபிடித்தீர்கள், பிறகு அது என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

2017 அக்டோபர். அதற்கு முந்தைய ஏப்ரலில் சிகாகோ இறுதிப்போட்டியில் டென்வரிடம் 3–2 என்று தோற்றிருந்தோம். கோடை முடிவதற்குள் அந்த அணியின் முதுகெலும்பு போய்விட்டது. கோல்கீப்பர் ஹண்டர் மிஸ்கா, டிஃபன்ஸில் நீல் பயோங்க், முன்வரிசையில் அலெக்ஸ் இயாஃபாலோ எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். எங்கள் உள்ளூர் அரங்கமான ஆம்சாயிலில் வார்ம்-அப் பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கியது. டிஃபன்ஸ் ஜோடிகளில் ஸ்காட் பெருனோவிச், மைக்கி ஆண்டர்சன், டிலன் சாம்பெர்க், லூயி ரோல் என்று நான்கு பேர் முதலாண்டு மாணவர்கள். டிஃபன்ஸில் ஆடுவதே ஆறு பேர், மிஞ்சிப்போனால் ஏழு. அதில் நான்கு புதுமுகமா என்று எங்கள் இருக்கை வரிசையில் ஒரே புலம்பல்.

ஓரத்து இருக்கையில் ஒரு பெரியவர், ஆம்சாயிலுக்கு முன்பிருந்த பழைய டிஇசிசி அரங்கக் காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். மடியில் லைன் சார்ட் (யார் எந்த லைனில் என்ற பட்டியல்), காதில் பென்சில். கோல் விழுந்தால் எழுதமாட்டார்; ஆட்கள் மாறும்போதுதான் எழுதுவார். நான் முனகுவதைக் கேட்டுவிட்டு, "இப்போது ஒன்றும் தெரியாது, இரண்டாவது பீரியட் வரட்டும்" என்றார்.

ஏன் இரண்டாவது? ஆட்டம் மூன்று பீரியட். ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும். பெஞ்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் இரண்டாவது பீரியடில் நம் கோலுக்கும் நம் பெஞ்சுக்கும் நடுவே தூரம் கூடிவிடும். முக்கால் நிமிடம் ஓடிக் களைத்த டிஃபன்ஸ் ஜோடியை எதிரணி அங்கேயே வளைத்துப்போட்டால் மாற்று ஆள் வருவதற்கு வழியே இல்லை. பயந்துபோய் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கண்மூடித்தனமாக அந்தக் கோடி வரை அடித்தால் ஐசிங் என்ற தவறு. ஐசிங் என்றால் ஆள் மாற்றவும் அனுமதி கிடையாது. அதே களைத்த கால்கள் மறுபடி நம் கோல் பக்கத்திலேயே ஃபேஸ்-ஆஃபுக்கு (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவதற்கு) நிற்கவேண்டும். புதுப்பையன்கள் உடைவது இங்கேதான்.

அன்று அவர்கள் உடையவில்லை. ஆண்டர்சன் மூலையில் முதுகைக் காட்டி நின்று, இடி வரப்போகிறது என்று தெரிந்தும் அரை நொடி பக்கை வைத்திருந்து, தன் ஜோடிக்காரருக்குத் தள்ளிவிட்டதை இன்னும் மறக்கவில்லை. பெரியவர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார். கைதட்டவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுகமாகப் போனது என்று சொல்லமாட்டேன். கடைசிக் கணக்கு 25 வெற்றி, 16 தோல்வி, 3 டிரா. சாம்பியன் அணிக்கு 16 தோல்வி! தேசியப் போட்டிக்கு 16 அணிகள். அதில் பொதுத் தேர்வில், அதாவது லீக் கோப்பை வெல்லாத அணிகளுக்குத் தரவரிசைப்படி தரும் இடங்களில், கடைசி ஆளாக நுழைந்தோம். நுழைந்த பிறகு மினசோட்டா ஸ்டேட்டை ஓவர்டைமில் 3–2, ஏர் ஃபோர்ஸை 2–1, ஒஹையோ ஸ்டேட்டை 2–1, 2018 ஏப்ரல் 7 அன்று செயின்ட் பாலில் நோத்ரடாமை 2–1. நான்கும் ஒரு கோல் வித்தியாசம். ஒரு கோலை வைத்துக்கொண்டு கதவை மூடத் தெரிந்த டிஃபன்ஸ் இருந்தால்தான் இது நடக்கும், அந்தக் கதவில் பாதி அக்டோபரில் நாங்கள் புலம்பிய அதே பையன்கள்.


மினியாபொலிஸ்

நீங்கள் பொதுத் தேர்வில் கடைசியாக நுழைந்த அந்த இடம் எங்களுடையது. நான் கோஃபர்ஸ் (மினசோட்டா பல்கலைக்கழக அணி) ஆள். தேசியப் போட்டிக்கு அணிகளைத் தரவரிசைப்படுத்திய பெர்வைஸ் கணக்கில் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் 0.0001. எங்கள் ஊர்க்காரர்கள் இந்த எண்ணைத் தொலைபேசி எண் மாதிரி ஒப்பிப்பார்கள்.

எங்கள் லீக்கான பிக் டென்னின் கால் இறுதியில் பென் ஸ்டேட்டிடம் இரண்டு ஆட்டமும் தோற்றோம், பரவாயில்லை, உள்ளே போய்விடுவோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கடைசி சனிக்கிழமை ராத்திரி மற்ற ஊர்களின் ஆட்ட முடிவு ஒவ்வொன்றாக வந்தது. என் அறைத்தோழன் மடிக்கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் மூடிவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டான். அடுத்த சில நாளில் பயிற்சியாளர் டான் லூசியா விலகுவதாக அறிவித்தார். 2002, 2003 என்று அடுத்தடுத்துக் கோப்பை வாங்கித்தந்த மனிதர்.

அதற்கப்புறம் "ஆரம்பம்தானே, பையன்கள் பழகட்டும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. வரிசையை அக்டோபரில் சோதித்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் சோதனை என்று சொல்லி அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடமாட்டார்கள். அக்டோபரில் அசட்டையாக விட்ட ஓர் ஆட்டமும் மார்ச் ஆட்டமும் அங்கே ஒரே எடை. 2025–26 சீசனிலிருந்து பெர்வைஸ் போய் என்பிஐ என்ற புதுத் தரவரிசைக் கணக்கு வந்திருக்கிறது. அதுவும் மாதம் பார்த்துச் சலுகை தரப்போவதில்லை. அதனால் லேக்சைடு நண்பரே, உங்கள் பெரியவரின் பென்சிலை மதிக்கிறேன், ஆனால் ஸ்கோர் பலகையையும் ஒரு கண் பாருங்கள்.


டுலூத், கேனல் பார்க்

எனக்கு ஹாக்கி அறிவு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வந்த புதிதில் பாண்டு வாத்தியம் கேட்கப் போனவள். ஆனால் எங்கப்பா கோவில்பட்டிக்காரர், மண் தரையில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவர். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு என்பார்.

ஒரு நவம்பரில் இங்கே வந்திருந்தார். குரங்குக் குல்லாவோடு ஆம்சாயிலில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். முதல் அஞ்சு நிமிடம் அவருக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, என்னட்டி இது, கால்மணி நேரம் ஆட விடாம எல்லாப் பயலயும் வெளிய கூப்பிடுதாரு?" லைன் முறையை விளக்கினேன். பன்னிரண்டு ஃபார்வர்டு, மூன்று மூன்று பேராக நான்கு லைன். டிஃபன்ஸ் மூன்று ஜோடி. சுமார் நாற்பத்தைந்து விநாடிக்கு ஒருதரம் மாற்றம். தலையை ஆட்டினார். அப்புறம் பேச்சே இல்லை.

இரண்டாவது பீரியடில் திடீரென்று, "அந்தக் கடைசி ஜோடில வலதுபக்கம் நிக்கான் பாரு, அவன் பந்தப் பாக்கான், ஆளப் பாக்க மாட்டேங்கான். இப்ப வாங்குவான் பாரு" என்றார். பக்கைப் பந்து என்றுதான் கடைசிவரை சொன்னார். அடுத்த முறை அந்த ஜோடி இறங்கியபோது எதிரணி ஆள் அவன் முதுகுப்பக்கமாக நழுவி உள்ளே போய் கோல் போட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் கோல்கீப்பரைத் திட்டினார்கள். அப்பா, "கீப்பர் என்ன செய்வாரு பாவம்" என்று கோல்கீப்பர் பக்கம் நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அந்தப் பையனை உட்காரவைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. "தப்புப் பண்ணுன மறுநாளே உக்காரவச்சா எப்படிட்டி படிப்பான்? ஒண்ணுக்கு ரெண்டு ஆட்டம் விட்டுல்ல பாக்கணும்" என்று ஊருக்கு விமானம் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்பா கட்சிதான்.


கிராண்ட் ஃபோர்க்ஸ்

எதிரி முகாமான நார்த் டகோட்டாவிலிருந்து ஒரு சொல். எங்கள் ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரங்கத்துக்கு ஒருமுறை வாருங்கள், தோல் இருக்கையும் கிரானைட்டும் பார்த்துவிட்டு உங்கள் புலம்பலை மறந்துபோவீர்கள்.

"புதுமுகம்" என்று எல்லாரும் ஒரே அர்த்தத்தில் பேசுகிறீர்கள். 2025 ஆகஸ்ட்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் (உயர்மட்ட இளைஞர் லீக்) வீரர்களும் கல்லூரியில் ஆடலாம் என்று விதி மாறிவிட்டது. எங்கள் அணிக்கு விக்டோரியா ராயல்ஸிலிருந்து கீட்டன் வெர்ஹோஃப், கோல் ரெஷ்னி வந்திருக்கிறார்கள். வந்தபோது வெர்ஹோஃபுக்கு வயது 17. ஆனால் வருஷத்துக்கு அறுபது சொச்சம் ஆட்டம் ஆடும் லீக்கில் பழகியவர். அதே அணியில் முதலாண்டு மாணவன் இன்னொருவனுக்கு இருபதோ இருபத்தொன்றோ இருக்கும். ஜூனியர் லீக்கில் இரண்டு வருஷம் தேய்ந்துவிட்டு வந்திருப்பான். இந்த இருவரையும் ஒரே தராசில் வைத்து "அனுபவம் போதாது" என்றால் என்ன அர்த்தம்? எங்கள் பக்கத்து சீட்டுக்காரர் பழைய பழக்கத்தில் இன்னும் பிரெஷ்மேன் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு 2025–26 சீசனில் பயிற்சியாளரும் புதிது, டேன் ஜாக்சன். வரிசை குலுங்கத்தான் செய்யும். இதற்குமேல் எதிரியிடம் சொல்லக்கூடாது.


டுலூத், யுஎம்டி (மினசோட்டா டுலூத் பல்கலைக்கழக) மாணவன்

ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ஒரு கோல்கீப்பர், சனிக்கிழமை இன்னொருவர் என்று மாற்றுவது எதற்கு? நல்லவர் யாரோ அவரையே ஆடவிட்டால் என்ன?


ஹெர்மன்டவுன்

தம்பி, உன் கேள்விக்கு இரண்டு பக்கமும் எங்கள் அணியிலேயே சாட்சி இருக்கிறது.

முதல் சாட்சி ஹண்டர் ஷெப்பர்ட். 2017இல் மிஸ்கா போனபோது அவர்தான் அடுத்தவர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. முந்தைய வருஷம் பெஞ்சில்தான் இருந்தார். ஆரம்ப வாரங்களில் இடத்தைப் பிடித்தார், அப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. இடைவிடாமல் தொடர்ந்து ஆடியதில் கல்லூரி ஹாக்கி சாதனையே அவர் பெயரில். 2018, 2019 இரண்டு கோப்பையும் அவர் வலையில் நின்றபோது வந்தவைதான்.

இரண்டாவது சாட்சி 2021 மார்ச், ஃபார்கோ. கொரோனா வருஷம், சீசனே டிசம்பரில் ஒமாஹாவில் எங்கள் லீக்கின் எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் அடைத்துத்தான் தொடங்கியது. தேசியப் போட்டியில் நார்த் டகோட்டாவோடு ஆட்டம் (கிராண்ட் ஃபோர்க்ஸ் நண்பர் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). 2–0 என்று முன்னால் இருந்து, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். பிறகு ஓவர்டைம். ஒன்று, இரண்டு, மூன்று... வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கோல்கீப்பர் ஸாக் ஸ்டெஸ்கல் 57 ஷாட் தடுத்த பிறகு தசைப்பிடிப்பில் எழ முடியாமல் போனார். மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து குளிர்ந்துபோன ரையன் ஃபான்டி அந்த நேரத்தில் வலைக்குள் வந்து நின்றார். அந்த சீசனில் அவருக்கு நிறைய ஆட்டம் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் வந்த வேகத்தில் முதல் ஷாட்டைப் பதறாமல் பிடிக்க முடிந்தது என்பது என் கணிப்பு.

ஐந்தாவது ஓவர்டைமில் 3–2 என்று முடிந்தது. மொத்தம் 142 நிமிடம், தேசியப் போட்டி வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம். கடைசி கோலைப் போட்டது முதல் லைன் நட்சத்திரம் யாரும் இல்லை. லூக் மைலிமோக், முதலாண்டு மாணவர். முதல் இரண்டு லைனை மட்டும் ஓட்டித் தேய்த்திருந்தால் அந்த நேரத்தில் யாருக்குக் கால் இருந்திருக்கும்? நான்காவது லைனைப் பயிற்சியாளர் சீசன் ஆரம்பத்தில் எட்டு நிமிடமாவது ஆடவிடுகிறாரா என்று பார்ப்பது எனக்கு அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.


டுலூத், லேக்சைடு பக்கம்

இப்போதைய அணிக்கு வருவோம், இல்லையென்றால் 2018இலேயே குடியிருப்போம்.

மாக்ஸ், ஜாம் பிளான்ட் சகோதரர்களை ஒரே லைனில் வைப்பதைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். அப்பா டெரெக் பிளான்டும் இதே சட்டையில் ஆடியவர். அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் பார்க்காமலே பாஸ் கொடுப்பது கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது வெளியூர் ஆட்டம். ஆட்டம் நின்று தொடங்கும்போது கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உள்ளூர் அணிக்கு. ஆம்சாயிலில் எங்கள் பயிற்சியாளர் ஸ்காட் சாண்டெலின் அந்த லைனை எதிரணியின் பலவீனமான ஜோடிக்கு எதிரே இறக்கிவிடுவார். வெளியூரில் எதிரணிப் பயிற்சியாளர் காத்திருந்து தன் சிறந்த டிஃபன்ஸ் ஜோடியை நேரே கொண்டுவந்து நிறுத்துவார். எல்லாப் பலமும் ஒரே லைனில் என்றால் அங்கே மொத்தமாகப் பூட்டிவிடலாம். ஜாமை இரண்டாவது லைனுக்கு அனுப்பினால் எதிரணிக்கு இரண்டு தலைவலி. உள்ளூரில் சேர்த்து வை, வெளியூரில் பிரித்து வை, அவ்வளவுதான் என் மனு.


டுலூத், கேனல் பார்க்

அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். பிரிக்கக்கூடாதாம். "கூடப் பொறந்தவன் பக்கத்துல இருந்தாத்தான் பய நல்லா ஆடுவான்" என்கிறார். அவரும் சித்தப்பாவும் ஒரே அணியில் ஆடியவர்கள், அதனால் இந்த வாக்கைச் செல்லாத வாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


மினியாபொலிஸ்

உங்கள் அப்பாவுக்கு என் ஆதரவு. பிரிக்காதீர்கள், ஒரே லைனில் வையுங்கள். அடுத்த முறை நீங்கள் எங்கள் அரங்கமான மாரியூச்சிக்கு வரும்போது பூட்டு நாங்கள் கொண்டுவருகிறோம்.