புதுப்பிப்பு: நிலம்–கட்டட மதிப்பீட்டாளர் பதிவு

சிவில் படித்தவர்கள் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராக என்ன செய்யணும்னு முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். அதற்கான தேர்வு பாஸ்! தனியா கேட்டவங்களுக்காகவும் இங்கேயே சொல்லிடறேன்.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வந்த 2017 மதிப்பீட்டாளர் விதிகள்படி சிவில், ஆர்க்கிடெக்சர், டவுன் பிளானிங் பட்டம் இருந்தால் அதன்பிறகு 5 வருட அனுபவம், முதுநிலைன்னா 3. வெறும் டிப்ளமோ போதாது. ஆர்விஓ என்கிற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, 50 மணி நேர வகுப்பை முடித்தால்தான் தேர்வுக்கே உட்காரலாம்.

பாஸ் மார்க் 60 சதவீதம். தப்பான விடைக்குக் கால் பங்கு மார்க் போயிடும், குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீங்க. சைட்டிலேயே காலம் தள்ளின நம்மாட்களுக்குச் சட்டப் பகுதிதான் கண்ணைக் கட்டும்: சொத்துரிமை மாற்றுச் சட்டம், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நிலம் கையகப்படுத்தல். கணக்கு சுலபம். மாத வாடகை 20,000; வரி, பராமரிப்பு எல்லாம் போக வருஷத்துக்கு நிகரமா 1,80,000; மூலதன வீதம், அதாவது சொத்து மதிப்பில் வருஷ நிகர வருமானத்தின் பங்கு, 6 சதவீதம்னா மதிப்பு 30 லட்சம். அவ்வளவுதான்.

அடுத்து படிவம் ஏ-யில் விண்ணப்பித்து, 5,000 ரூபாய் கட்டி ஐபிபிஐ-யில் (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) பதிவு. அப்புறம் ஆர்விஓ தரும் தொழில் சான்றிதழ். வருமான வரிக்கான மதிப்பீட்டாளர் பதிவு இதில் சேராது, அதற்குத் தனியா விண்ணப்பிக்கணும். வங்கி பேனலும் (வங்கி வேலை கொடுக்கும் மதிப்பீட்டாளர் பட்டியல்) அப்படித்தான், ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு நிபந்தனை.